என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள், எதைத் தொட்டீர்கள்?

(கேரி தீவில் மூத்தோருக்காக நடந்த சுகாதார விளக்கக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். சுகாதார அதிகாரிகள் மலாயில் கேட்பதை உங்களிடம் தமிழில் கேட்பேன். நீங்கள் தமிழில் சொல்வதை அவர்களிடம் மலாயில் சொல்வேன். அதனால் இன்று மருந்து மாத்திரையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கேள்விகளைப் பற்றியும், அவற்றுக்கு நீங்கள் சொல்லும் பதில்களைப் பற்றியும் பேசப் போகிறேன்.

வாந்தி பேதி, டைபாய்டு, எலிக்காய்ச்சல் போன்ற நோயோடு ஒருவர் கிளினிக்குக்குப் போனால், அதை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது டாக்டரின் கடமை. 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. காலராவும் உணவு நச்சும் என்றால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு ஒருவர் படிவத்தோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு? யாரோடு? எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்? எங்கே போனீர்கள்? வீட்டில் கோழி, ஆடு, நாய் இருக்கிறதா?

"உடம்பு முடியாமல் கிடக்கிறவனிடம் இதென்ன போலீஸ் விசாரணை?" என்று சலித்துக்கொண்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சலித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் எதற்கு என்று தெரிந்தால் சலிப்பு வராது என்று நினைக்கிறேன்.

நம் எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

1998ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஈப்போ பக்கத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு தலைவலி, மயக்கம். சிலர் நினைவு திரும்பாமலே இறந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. அந்தக் கிருமி பன்றியின் உடலில் பெருகும் என்பதும் தெரிந்த விஷயம். அதனால் இதுவும் அதுதான் என்று முதலில் முடிவு செய்தார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. பன்றிகளை ஏற்றிய லாரிகளோடு அது தெற்கே நகர்ந்தது. 1999 தொடக்கத்தில் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளை அது பிடித்துக்கொண்டது. நம் கேரி தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் அந்த ஊர்கள் எட்டாத தூரமில்லை.

அப்போது சிலருக்குச் சந்தேகம் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள், அதுவும் பன்றிகளைக் கையால் பிடித்து வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. அப்படியிருக்க, அதே ஊரில் பண்ணைப் பக்கமே போகாதவர்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள். பக்கத்துக் கம்பத்து முஸ்லிம்களைக் கிட்டத்தட்ட அது தொடவே இல்லை. இன்னொன்றும் இருந்தது. பன்றிகளே நோயில் விழுந்தன. ஒரு மைல் தூரம் கேட்கும் என்று சொல்லும் அளவுக்கு உரக்க இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி இப்படி இருமாது. பண்ணைக்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. அதனால்தான் அந்த வைரஸுக்கு இன்று உலகம் முழுவதும் நிப்பா என்று பெயர். கொசுவின் மேல் இருந்த கவனம் பன்றியின் மேல் திரும்பியது. சுமார் 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்துவிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணை வேலைக்குப் போன நம் இந்தியர்களும் அதில் உண்டு. இங்கிருந்து போன பன்றிகளால் சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்து, ஒருவர் இறந்தார்.

பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவாலிடமிருந்து. பண்ணைக் கொட்டகையை ஒட்டிப் பழ மரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தது, அதைப் பன்றி தின்றது. முதலில் இதை ஊகித்தார்கள். பிறகு தியோமான் தீவு வௌவால்களிடம் அதே வைரஸைக் கண்டுபிடித்து உறுதி செய்தார்கள்.

"யாருக்கு நோய் வந்தது?" என்ற கேள்வியைப் போலவே "யாருக்கு வரவில்லை?" என்ற கேள்வியும் முக்கியம். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் கிடைத்த பிறகுதான் தவறான வழியிலிருந்து சரியான வழிக்குத் திரும்ப முடிந்தது. அந்தப் பதில் ஒரு மாதம் முன்னதாகக் கிடைத்திருந்தால் எத்தனை குடும்பம் தப்பியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இதே நிப்பா 2018 மே மாதம் கேரளத்தில், கோழிக்கோடு பக்கத்தில் பேராம்பிரா என்ற ஊரில் தலை காட்டியது. ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சில நாள் முன்பு அதே வீட்டில் இன்னொருவர் இதே மாதிரி இறந்திருக்கிறார் என்று தெரிந்தது. அதை வைத்தே டாக்டர்கள் சந்தேகப்பட்டு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். இங்கே பல மாதம் தெரியாமல் இருந்த நோய், அங்கே இரண்டாவது நோயாளியிலேயே தெரிந்துவிட்டது. அப்படியும் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் நோயாளியைக் கவனித்த லினி என்ற தாதியும் ஒருவர். ஆனால் சில வாரங்களில் அதை அடக்கிவிட்டார்கள். "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா?" என்று உங்களிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் மதிப்பு இதுதான்.

தண்ணீருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு வட்டாரத்தில் காலரா வந்தது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று பெரிய டாக்டர்களே நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்பட்டு வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். அந்தத் தெருவிலேயே இருந்த மதுபான ஆலையின் தொழிலாளர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஆலையில் கிடைத்த பீரைத்தான் குடித்தார்கள், ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது.

ஆனால் வெகு தூரத்தில் ஹாம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு விதவைத் தாய் காலராவில் இறந்திருந்தார். அவர் அந்தத் தெருப் பக்கமே பல மாதமாக வரவில்லை. ஸ்னோ அவர் குடும்பத்தில் விசாரித்தார். மகன் சொன்னார்: அம்மாவுக்குப் பழைய தெருத் தண்ணீரின் ருசி பிடிக்கும், அதனால் தினமும் ஒரு பெரிய பாட்டிலில் பிடித்து வண்டியில் அனுப்பிவைப்போம். ஸ்னோவுக்கு வேண்டியிருந்த சான்று அந்த மகன் வாயிலிருந்து வந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தால்? அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட ஸ்னோ ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் நோய் தண்ணீரில்தான் வந்தது என்று மற்றவர்களை நம்பவைக்க அந்தப் பாட்டில் பெரிதும் உதவியது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் லயன் வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நாலு வீட்டில் வயிறு போனால் டிரெஸருக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். இன்று அப்படி இல்லை. கேரி தீவில் ஒரு கோயில் விருந்து நடந்தால் கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு கிளினிக்குக்குப் போனால், ஒவ்வொரு டாக்டர் கண்ணிலும் ஒரே ஒரு நோயாளிதான் படுவார். எல்லாத் தகவலும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான், "இவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்" என்று தெரியும்.

அந்தப் பந்தியில் எந்தப் பதார்த்தம் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 100 பேர் சாப்பிட்டார்கள். தயிர்ப் பச்சடி சாப்பிட்ட 50 பேரில் 40 பேருக்கு வயிறு போனது. சாப்பிடாத 50 பேரில் 2 பேருக்குத்தான் போனது. பாயசத்தைப் பார்த்தால், குடித்தவர்களிலும் குடிக்காதவர்களிலும் நோய் ஒரே அளவு. அப்படியானால் பாயசத்தின் மேல் பழியில்லை, பச்சடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட, நோய் வராதவர்களின் பதிலும் வேண்டும். "எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்று சொல்லாதீர்கள். ஒன்றும் ஆகாத நீங்கள்தான் அங்கே முக்கியமான சாட்சி.

நேரமும் ஒரு துப்பு. நமக்கு வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழியைப் போடுவது வழக்கம். பல நேரம் அது தவறு. சமைத்த சோற்றை வெளியில் மணிக்கணக்காக வைத்து உண்டான நச்சு என்றால், சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சரியாக வேகாத கோழி, முட்டை வழியாக வரும் சால்மொனெல்லா கிருமி என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் ஆகலாம். காலரா சில மணி நேரத்திலும் வரும், ஐந்து நாள் கழித்தும் வரும். டைபாய்டு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை பொறுத்துத்தான் வெளியே தெரியும். அதனால்தான் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல் "மூன்று வாரத்துக்கு முன்னால்?" என்றும் கேட்கிறார்கள்.

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். நான்கு நாளாகக் காய்ச்சல். கண் சிவந்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும்" என்றார். அதிகாரி மலாயில் கேட்டார்: கடந்த ஒரு மாதத்தில் தண்ணீரில் இறங்கினாரா? நான் தமிழில், "ஐயா, ஆத்துல குளத்துல இறங்கிக் குளிச்சீங்களா?" என்று கேட்டேன். "இந்த வயசுல எனக்கு ஆத்துல என்ன வேலை?" என்றார். அதிகாரி 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

கிளம்பி வாசலுக்கு வந்தோம். அவருடைய வீட்டம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "போன வாரம் பூரா பின்னால இருக்கிற லோங்காங் அடைச்சிக்கிச்சின்னு வெறுங்கையால வாரிக்கிட்டிருந்தாரு தம்பி. எலி செத்துக் கிடந்துச்சு. நான் சொன்னா யார் கேக்குறா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி கேட்டது தண்ணீரை. நான் கேட்டது குளியலை. என் ஒரு சொல்லில் அந்தச் சாக்கடை மறைந்துபோனது. திரும்பி உள்ளே போனோம். அன்றே அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தச் சோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்தது. நேரத்தோடு மருந்து கிடைத்தது, பிழைத்துக்கொண்டார்.

எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தால் வருகிறது. அந்தக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். காலில் கையில் இருக்கும் சின்னக் காயம் வழியாக உடம்புக்குள் போகும். பழுத்த செம்பனைக் குலை இருக்கிற இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, நம் தீவில் கால்வாய்க்கும் பஞ்சமில்லை. கிருமி உள்ளே போன பிறகு பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஆண்டிபயாட்டிக் மருந்தில் குணமாகும். தாமதமானால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும், உயிருக்கே ஆபத்து. 2010இல் பகாங்கில் லூபுக் யூ என்ற நீர்வீழ்ச்சியில், தண்ணீரில் மூழ்கிய ஒருவரைத் தேட இறங்கியவர்களில் பலர் பிறகு காய்ச்சலில் விழுந்தார்கள். எலிக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் அவர்களிடம் காணப்பட்டன. 8 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் எலிக்காய்ச்சலும் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்க்கப்பட்டது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஐந்து விஷயம்.

ஒன்று, கிளினிக்குக்குப் போனால் "காய்ச்சல்" என்பதோடு நிறுத்தாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்தேன், வெள்ளத்தில் நடந்தேன், சாக்கடையில் கை வைத்தேன், விருந்தில் சாப்பிட்டேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். வயதானவர்களுக்கு நோய் கடுமையாக இருந்தாலும் காய்ச்சல் அதிகம் ஏறாமல் இருக்கலாம். வெறும் அசதி, பேச்சில் தடுமாற்றம் என்றாலும் அலட்சியம் வேண்டாம். பேதியில் நம் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். நாக்கு வறண்டு, மூத்திரம் குறைந்தால் காத்திருக்காதீர்கள்.

இரண்டு, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இருக்கிறதே, அதில் குறித்து வையுங்கள். எந்த நாள் விருந்து, எந்த நாள் கால்வாய் வேலை, எந்த நாள் உடம்பு முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தியதை இளவயதுக்காரர்களாலேயே நினைவில் வைத்திருக்க முடியாது.

மூன்று, சாப்பிட்ட பல பேருக்கு உடம்பு கெட்டால் மீதி உணவைக் கொட்டிவிடாதீர்கள். யாரும் தின்றுவிடாதபடி மூடி, குளிர்பெட்டியில் தனியாக வையுங்கள். பாக்கெட்டையும் எறிய வேண்டாம். சோதனைக்கு அது உதவும்.

நான்கு, வீட்டுக் கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால், அறுத்துச் சமைக்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள். நாயோ பூனையோ கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

ஐந்து, இது எனக்கு நெருக்கமான விஷயம். உங்களுக்கு எந்தத் தமிழ் வாயில் வருகிறதோ அந்தத் தமிழிலேயே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பவர் தப்பாகக் கேட்கிறார் என்று தோன்றினால் தயங்காமல் திருத்துங்கள். பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் மலம், மூத்திரம் பற்றிச் சொல்ல உங்களுக்கும் கூச்சம், அதற்கும் கூச்சம். சொல்ல வேண்டியது விட்டுப்போகும். முடிந்தால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பயம். "கோயில் பெயர் கெட்டுவிடும்", "சமைத்தவர் நம் சொந்தக்காரர்" என்று சிலர் மறைக்கிறார்கள். அதிகாரிகள் தேடுவது கிருமி வந்த வழியை. சமையல் இடம் அழுக்காக இருந்தால், 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி அதிகபட்சம் 14 நாள் மூடிச் சுத்தம் செய்யச் சொல்லலாம். அது ஒரு நஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்தால் அடுத்த பந்தியில் உட்காரப் போவது நம் பேரப்பிள்ளைகள்.

அந்த வீட்டம்மா வாசலில் சொன்ன இரண்டு வரியால் ஒருவர் பிழைத்தார். அவர் படித்தவர் இல்லை, மருத்துவம் தெரிந்தவர் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

அடுத்த முறை யாராவது படிவத்தோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். தேநீர்கூட வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள், எதைத் தொட்டீர்கள் என்று மட்டும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.